ஸ்பிரிங் இல்லாத வண்டி

லாரிக்குப் பட்டை ஸ்பிரிங் இருக்கிறது. பைக்குக்கு ஷாக் அப்சார்பர் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்டுக்கு இரண்டும் கிடையாது. 3 டன் தூக்குகிற வண்டியின் சொந்த எடையே 4 டன்னைத் தாண்டும். அதன் முன் ஆக்சிலை சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பின் ஆக்சில் நடுவில் ஒரு பின்னைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். ஸ்பிரிங் வைத்தால் 4 மீட்டர் உயரத்தில் சரக்கை ஏற்றும்போது வண்டியே ஆடும்; ஆடினால் கவிழும். அதனால் தரையில் உள்ள மேடு பள்ளத்துக்கும் ஆபரேட்டரின் இடுப்புக்கும் நடுவே நிற்பது டயர்தான். சீட்டுக்கு அடியில் ஏதோ ஒரு ஸ்பிரிங் இருக்கும். பழைய வண்டிகளில் அது என்றைக்கோ உட்கார்ந்து போயிருக்கும்.

மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மெயின்டனன்ஸ் வேலையில் சேர்ந்த புதிதில் இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு ஆபரேட்டர். எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து இறங்கியதும் இடுப்பில் கை வைத்தபடி, "பேக் லெஃப்ட் போச்சு சார்" என்பார். டயரைக் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். போய் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்தால், பின் இடது டயரில் கையகலத்துக்கு ரப்பர் பெயர்ந்து வந்திருக்கும்.

துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னரைப் பிரித்து, சரக்கை இறக்கி குடோனில் அடுக்குவதும், ஏற்றுமதிச் சரக்கைக் கன்டெய்னருக்குள் அடைப்பதும்தான் அங்கே வேலை. கன்டெய்னர் ஃபிரெய்ட் ஸ்டேஷன், சுருக்கமாக சி.எஃப்.எஸ். என்று சொன்னால் வடசென்னையில் எல்லாருக்கும் தெரியும். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு தரை. உள்ளே வழவழப்பான கான்கிரீட். வெளியே டிரெய்லர் ஏறி ஏறி அழுந்திய பேவர் பிளாக், ஓரம் உடைந்த வடிகால் மூடி, மழைக்காலத்தில் எது பள்ளம் எது தரை என்று தெரியாத தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேல் ஆணி. கப்பலில் சரக்கு நகராமலிருக்க, கன்டெய்னருக்குள் மரக்கட்டை வைத்துத் தரைப்பலகையோடு ஆணி அடித்து அனுப்புவார்கள். கடப்பாறையால் கட்டையைப் பெயர்க்கும்போது ஆணி நாலாபக்கமும் தெறிக்கும். கூடவே, சரக்குக் கட்டுகளிலிருந்து வெட்டிப் போட்ட ஸ்டீல் ஸ்ட்ராப்புகள். அவற்றின் வெட்டுவாய் பிளேடு மாதிரி இருக்கும்.

வண்டிகள் வரும்போது காத்து டயரோடு வந்தன. வெளித் தரைக்கு அது சுகம். நைனாவுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் பஞ்சர் ஓயவில்லை. ஃபோர்க்லிஃப்ட் டயரில் இருக்கும் காத்து கார் டயர் காத்து மாதிரி இல்லை. காரில் 30 சொச்சம் பி.எஸ்.ஐ. அடிப்போம். இதில் 100-ஐத் தாண்டும். உருவம் சின்னதாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை.

ஒரு நாள் எங்கள் வழக்கமான பஞ்சர்காரர் ஊருக்குப் போயிருந்தார். மெயின் ரோட்டிலிருந்து வேறொரு பையனைக் கூட்டி வந்தார்கள். லாரி டயரில் கை தேர்ந்தவன். ஜாக்கி போட்டு, ஸ்பானரை எடுத்து, கண்ணில் பட்ட நட்டைத் திருக ஆரம்பித்தான். இந்த வண்டிகளின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வட்டம் நட்டு. சக்கரத்தை ஹப்போடு பிடிக்க இன்னொரு வட்டம் நட்டு. தூசியும் கிரீஸும் படிந்த சக்கரத்தில் எது எது என்று பார்த்ததும் புரியாது. அவன் திருகிக்கொண்டிருந்தது ரிம்மைப் பிடித்த நட்டு. டயரில் பாதிக் காத்து இன்னும் இருந்தது. நைனா தூரத்திலிருந்தே "டேய், கையை எடு!" என்று போட்ட சத்தத்தில் அவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டான். கடைசி இரண்டு நட்டு தளர்ந்திருந்தால் ரிம்மின் ஒரு பாதி அவன் முகத்துக்கு வந்திருக்கும். இது நடந்து ஆள் செத்த இடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. வண்டியோடு வரும் கையேட்டில் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது சும்மா இல்லை.

அன்று சாயங்காலமே எல்லா வண்டியிலும் ரிம் நட்டுகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தோம். ஜாக்கி போடுவதற்கு முன்னாலேயே வால்வின் ஊசியைக் கழற்றிக் காத்தை முழுசாக விட வேண்டும். காத்து வருவது நின்ற பிறகும், அழுக்கு அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். திரும்பக் காத்து அடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும். கூண்டை எங்கள் வெல்டரே பழைய பைப்பில் செய்து கொடுத்தார். அதன் மேல் ஈரத்துணி காயப்போட்டவர்களும் உண்டு.

சாலிட் டயருக்கு மாறலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது. டீலர் ஒருவர், குறுக்கே அறுத்த டயர்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதுவரை சாலிட் டயர் என்றால் மொத்தமும் ஒரே ரப்பர் கட்டி என்றுதான் நினைத்திருந்தோம். துண்டில் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. ரிம்மைக் கவ்வும் அடிப்பகுதி கல் மாதிரி கெட்டி. அதற்குள் ஸ்டீல் கம்பி வளையங்கள் ஓடின. வெளியே தரையைத் தேய்க்கும் பகுதி கெட்டியானது, கிழியாதது. நடுவில் இருந்த ரப்பர் மட்டும் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கிக் கொடுத்தது. காத்து செய்த வேலையை இந்த நடு அடுக்கு செய்கிறது, முழுசாக இல்லாவிட்டாலும். அதே காத்து டயர் ரிம்மிலேயே இதையும் மாட்டலாம் என்பதுதான் எங்களுக்கு வசதி.

பக்கவாட்டில் 'மேட் இன் ஸ்ரீலங்கா' என்று அச்சு இருந்தது. தொழிற்சாலை வண்டிகளுக்கான சாலிட் டயரில் இலங்கை உலக அளவில் முன்வரிசை நாடு. பிரேசில் காட்டு ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876-இல் நாற்றுகளாகக் கப்பலேறி, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறங்கிய கதையிலிருந்து இது தொடங்குகிறது. மரம் இருக்கிற இடத்திலேயே டயரும் செய்யலாம் என்று பின்னாளில் ஆலைகள் வந்தன. அங்கே பெரிய ஆலைகள் வைத்திருந்த காம்சோ நிறுவனத்தை 2018-இல் மிஷலின் வாங்கியது. இது வெறும் ஊர்ப் பெருமைக் கணக்கு இல்லை. இயற்கை ரப்பர் சுலபத்தில் கிழியாது. திரும்பத் திரும்ப நசுங்கும்போது செயற்கை ரப்பர் அளவுக்குச் சூடும் ஆகாது. சாலிட் டயரின் உயிர் அந்த இரண்டாவது குணத்தில்தான் இருக்கிறது. அதை நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டுதான் தெரிந்துகொண்டோம்.

சாலிட் டயரை லீவர் போட்டு மாட்ட முடியாது. 3 டன் வண்டியின் முன் டயர், 28x9-15 என்ற சைஸ், ஒன்று ஏறத்தாழ 60 கிலோ. மாதவரம் பக்கத்துப் பிரஸ் ஷாப்புக்கு ரிம்மோடு அனுப்புவோம். 100 டன்னுக்கு மேல் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில், பழைய டயரை ஒரு வளையத்தின் மேல் உட்கார வைத்து ரிம்மை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடக்காது. மீட்டர் முள் ஏறும், ஏறும், அப்புறம் 'டங்' என்று ஒரு சத்தம், ரிம் வெளியே வந்து விழும். புது டயருக்கு சோப்புத் தண்ணீர் தடவி இறக்குவார்கள். அந்தக் கடைக்காரர் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தார். மாட்டி முடித்ததும் ரிம்மிலிருந்து டயர் வரை நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட வேண்டும். சில வாரம் கழித்துப் பார்க்கும்போது ரிம்மில் உள்ள கோடும் டயரில் உள்ள கோடும் விலகியிருந்தால், டயர் ரிம்முக்குள் வழுக்கிச் சுத்துகிறது என்று அர்த்தம். ரிம் துருப்பிடித்திருக்கும், அல்லது சைஸ் சரியில்லை.

பஞ்சர் தொல்லை ஒழிந்தது. ஆணி குத்தினால் குத்தட்டும் என்று ஓட்டினார்கள். நைனா மட்டும் முகத்தைச் சுளித்தார். "கல்லு மேல உட்கார்ந்து ஓட்டுற மாதிரி கீது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெளி யார்டிலேயே நாள் முழுக்க ஓடும் இரண்டு வண்டியில் காத்து டயரையே விட்டுவைக்கச் சொன்னேன். வாங்கும் பிரிவுக்கு அது பிடிக்கவில்லை. எல்லா வண்டிக்கும் ஒரே டயர் என்றால் ஒரே ஆர்டர், நல்ல டிஸ்கவுன்ட். அந்த இரண்டு வண்டிக்காக ஒரு மாதம் நடந்தேன்.

அடுத்து வந்தது சூடு. ஒரு சீசனில் இடம் போதாமல், சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடோனை வாடகைக்கு எடுத்தார்கள். லாரி வைத்தால் செலவு என்று, ஃபோர்க்லிஃப்டே சரக்கைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியது. மே மாதம். தார் ரோடு. புதிதாக மாட்டிய சாலிட் டயரின் பக்கவாட்டு வீங்க ஆரம்பித்தது. மேல் பட்டை புத்தம்புதுசாக இருந்தது. தேய்மானமே இல்லை. ஆனால் பக்கத்தில் போனாலே கருகல் வாடை. பிரஸ் ஷாப்பில் கழற்றி அறுத்துப் பார்த்தபோது, அன்றைக்கு மேசையில் பார்த்த நடு அடுக்கு இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்குகிறது, விரிகிறது. நசுக்கிய சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை; கொஞ்சத்தைச் சூடாக வைத்துக்கொள்கிறது. ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது. காத்து டயரின் சுவர் மெல்லிசு, சீக்கிரம் ஆறிவிடும். சாலிடில் நட்டநடுவில் பிறந்த சூடு வெளியே வர வழியில்லாமல் அங்கேயே சேர்கிறது. இறக்கி ஏற்றும் வேலையில் வண்டி 20 மீட்டர் ஓடும், நிற்கும், தூக்கும், காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் டயர் ஆறிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் முழுச் சுமையோடு நிறுத்தாமல் ஓடினால் அதற்கு ஓய்வே இல்லை. டீலர் கிளெய்ம் தரவில்லை, தராதது சரிதான். வாங்கும் பிரிவு பிராண்டைக் குற்றம் சொன்னது. நான் கேட்டது ஒரு சின்ன டிராக்டரும் டிரெய்லரும். இந்தப் பக்கம் ஒரு வண்டி ஏற்றட்டும், அந்தப் பக்கம் ஒன்று இறக்கட்டும், நடுவில் டிராக்டர் இழுக்கட்டும். "டயருக்காக டிராக்டரா?" என்று கேட்டார் அதிகாரி. நாலு டயர் விலையையும், வண்டி நின்ற நாளின் வாடகையையும் எழுதிக் காட்டியதும் டிராக்டர் வந்தது.

இந்த வேலையில் இருப்பவர்களே சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: முன் டயரை ஒற்றையாக மாற்றுவது. சுமை ஏற்றிய ஃபோர்க்லிஃப்டில் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு முன் டயர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். சுமை இல்லாதபோது பின்பாரத்தால் பின் டயர்களுக்குத்தான் கூடுதல் எடை. முன்னால் இடது டயர் தேய்ந்தது, வலது நன்றாக இருக்கிறது, ஒன்றை மட்டும் மாற்றுவோம் என்று எந்த மேலாளருக்கும் தோன்றும். புதுசின் ஆரம் பழசைவிட 10 மில்லிமீட்டர் கூடுதல் என்று வையுங்கள். இரண்டு முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். ஆக வண்டி நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்ந்து நிற்கிறது. கீழே கண்ணுக்கே தெரியாது. ஃபோர்க் நாலரை மீட்டர் ஏறியதும் அங்கே 45 மில்லிமீட்டர் விலகல். ராக்கில் பேலட்டை வைக்க ஆபரேட்டர் இரண்டு தடவை முட்டி மோதுவது இதனால்தான். "ஆளுக்குக் கை சரியில்லை" என்று மெமோ கொடுத்த சூப்பர்வைசரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுத்துவதால் உள்ளே டிஃபரன்ஷியலும் ஓய்வில்லாமல் அரைபடும். அதனால் ஒரே ஆக்சிலில் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய நல்ல டயருக்கு, அதே அளவு தேய்ந்த ஜோடி வேறு வண்டியில் கிடைக்கும்.

எப்போது மாற்றுவது என்பதற்குப் பல டயர்களின் பக்கவாட்டிலேயே சுற்றிலும் ஒரு கோடு ஓடும், '60 ஜே' என்று பொறித்து. பட்டை அழிந்து மொட்டையானாலும் அந்தக் கோடு வரை ஓட்டலாம். கோட்டைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே அதிர்வை வாங்க ரப்பர் மிச்சமில்லை. மொட்டை டயரைப் பார்த்துப் பதறி மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், கோடு போய் ஸ்டீல் தெரிகிற வரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே ஆபீஸில் பார்க்கலாம். முன்னவர் ஆடிட் வரும் மாதத்தில், பின்னவர் பட்ஜெட் முடியும் மாதத்தில்.

பின்னாளில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மருந்துச் சரக்கு வைக்கும் குடோன் ஒன்றுக்கு மாறினேன். அங்கே தரை எபாக்ஸி போட்டு முகம் பார்க்கலாம் போல இருந்தது. கறுப்பு டயர் திருப்பத்தில் இழுத்த கோடுகளை ஆடிட்டர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வெள்ளை டயர் வந்தது. ரப்பருக்குக் கறுப்பைக் கொடுப்பது கார்பன் பிளாக் என்ற புகைக்கரித் தூள். நிறத்துக்காக அதைச் சேர்ப்பதில்லை, உறுதியே அதில்தான். வெள்ளை டயரில் அதற்குப் பதில் சிலிகா போடுகிறார்கள். கோடு விழாது, ஆனால் கொஞ்சம் சீக்கிரம் தேயும். கார்பன் இல்லாததால் மின்சாரமும் கடக்காது. வண்டி ஓட ஓடச் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல், ராக்கைத் தொட்ட ஆபரேட்டரின் விரலில் 'சுளீர்' என்று இறங்கியது. சாதாரணக் குடோனில் அது வெறும் சிரிப்பு. ஸ்பிரிட், சால்வென்ட் டிரம் நிற்கிற இடத்தில் சிரிப்பில்லை. வண்டிக்கு அடியில் தரையைத் தொடும்படி மின்சாரம் கடத்தும் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டோம். அது அறுந்திருக்கிறதா என்று காலையில் பார்ப்பது செக்லிஸ்ட்டில் ஒரு வரியானது.

ராக்குகளின் குறுகிய சந்தில் ஓடும் ரீச் டிரக்கின் சக்கரம் ரப்பரே இல்லை, பாலியூரித்தேன். சின்ன உருளை பெரிய எடையைத் தாங்கும், பேட்டரியையும் குறைவாகத் தின்னும். ஈரத் தரையில் மட்டும் அதை நம்பக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் வாசல் ஓரமெல்லாம் மாப் போட ஓர் ஆளை நிறுத்துவோம்.

மற்றதெல்லாம் பழக்கம். வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறவர்களால் பின் டயர் ஒரே இடத்தில் அரைபடும். சுமையோடு ராத்திரி முழுக்க நிறுத்திவைத்தால் அடியில் தட்டை விழுந்து, காலையில் வண்டி தடதடக்கும். ஹைட்ராலிக் ஆயில் ஒழுகிய இடத்தில் வண்டியை விடக் கூடாது, இயற்கை ரப்பர் ஆயிலைக் குடித்து ஊறிப்போகும். ஸ்பேர் டயரை வெயிலிலும் மோட்டார் ஓடும் அறையிலும் வைக்கக் கூடாது. மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும்.

அந்தக் குடோனில் மூன்றாம் வாசலில் வேலை செய்யும் வண்டியின் முன் டயர் மட்டும் மற்றதைவிடப் பாதி நாளில் போய்க்கொண்டிருந்தது. ஆபரேட்டரை மாற்றினார்கள், பிராண்டை மாற்றப் போவதாகச் சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்து ஒரு ஷிஃப்ட் பார்த்தேன். கான்கிரீட் பாளங்கள் சேரும் இடத்தில் ஓரம் நொறுங்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஒவ்வொரு நடையிலும் முன் டயர்கள் அதில் விழுந்து, எதிர் ஓரத்தில் இடித்து ஏறின. ஏறும்போதெல்லாம் கடுகளவு, மிளகளவு ரப்பர். அதைக் கூட்டி அள்ளி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, டயர் பில்களையும் மேலே வைத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். "இது என்னப்பா குப்பை?" என்றார். "டயர் சார்" என்றேன். சிவில் ஆட்கள் வந்து ஓரத்தை நேராக வெட்டி, எபாக்ஸி கலவை போட்டு, தரைமட்டத்துக்குத் தேய்த்துவிட்டுப் போனார்கள். ஒரே ராத்திரி வேலை.

அதே சமயத்தில் வாங்கும் பிரிவு பிராண்டையும் மாற்றியிருந்தது. அடுத்த வருஷக் கணக்கில் முன் டயர்ச் செலவு நன்றாகக் குறைந்திருந்தது. புதிய பிராண்டின் தரத்தைப் பாராட்டி, அதைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கு நன்றி சொல்லி எல்லாருக்கும் மெயில் வந்தது. மூன்றாம் வாசல் வண்டியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது பழைய பிராண்டின் கடைசி ஜோடி. கோட்டைத் தொட இன்னும் வெகுநாள் இருந்தது. நான் அந்த மெயிலுக்கே பதில் போட்டு, ஐந்தாம் வாசல் தரைக்கான எஸ்டிமேட்டை இணைத்து அனுப்பினேன்.